அடுத்த படி

மூக்குத்தி கழல மாட்டேன் என்கிறது.
எனக்குப் பின்னால் வரிசை நீள்கிறது.
"சோப்பு போட்டுப் பாருங்க மேடம்" என்கிறாள்
கையில் பீப் அடிக்கும் கருவியோடு செக்யூரிட்டிப் பெண்.
என்ஜினீயரிங் காலேஜ் பாத்ரூம் கண்ணாடியில்
சொந்த மூக்கோடு மல்லுக்கட்டுகிறேன்.

நாலாவது தடவை இது.
போன தடவை நூற்று நாற்பத்தேழு.
குறைந்தது மூன்று.
ஒரு கையில் எண்ணினால்
இரண்டு விரல் மிச்சம் நிற்கும்.

பூபதியின் கைக்குட்டையில் முடிகிறேன்
மூக்குத்தி, ஊக்கு, கிளிப், வீட்டுச் சாவி.
மரவள்ளி லோடு அடிக்கும் டெம்போவை
ஓமலூர் ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்த தம்பி
"சாவிய எதுக்குக் கொண்டாந்த?" என்கிறான்.
தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை
இடுப்பு வரை மஞ்சு கட்டிக்கொண்டு.
உள்ளே ஏசி.
பெருவிரல் ரேகையை இரண்டு முறை ஏற்க மறுத்த மெஷின்
மூன்றாவதில் என்னை நான்தான் என்றது.

பிஷ்கெக்கில் ஆறு குளிர்காலம்.
எலும்புகளின் பெயரை ரஷ்ய மொழியில் கேட்டு
ஆங்கிலத்தில் எழுதினேன்.
அம்மாபேட்டை நர்சிங் ஹோமில்
ராத்திரி வருகிறவர்கள் சொல்வதோ
"நெஞ்சக் கமட்டுது", "காலு கொடையுது",
"ஒரு மாதிரியா வருது".
அந்த ஒரு மாதிரிக்கு
நான்கு விடைகளில் எதுவும் பொருந்தாது.
அங்கே என் பெயருக்கு நேரே 'அசிஸ்டென்ட்'.
நாடி பிடிப்பேன், பிரஷர் பார்ப்பேன், எழுதுவேன்.
கையெழுத்துக்கு மட்டும்
காகிதம் மாடியேறிப் போகும்.

எண்பத்தெட்டாம் கேள்வி.
நாற்பத்தைந்து வயது ஆண். நெஞ்சுவலி, வியர்வை, அரை மணி நேரமாக.
மிகப் பொருத்தமான அடுத்த படி என்ன?

அவரை எனக்குத் தெரியும்.
சட்டையெல்லாம் பஞ்சு. பவர்லூமை நிறுத்தாமல் வந்திருந்தார்.
ராத்திரி இரண்டு பத்து.
முன்பணம் எடுக்க மகன் ஓடியிருந்தான்.
ஈசிஜி மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்து
புது ரோல் இருந்த பீரோவின் சாவி மாடியில்.
மெல்லுங்க, முழுங்காதீங்க என்று
ஆஸ்பிரினை வாயில் போட்டது
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இந்தக் கை.

பிழைத்துவிட்டார். அதுதான் சங்கடம்.
தெருமுனை டீக்கடையில் எல்லார் முன்னாலும்
"டாக்டரம்மா" என்று எழுந்து நிற்பார்.
நான் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு
வேகமாக நடப்பேன்.

விடை ஈசிஜி. அதையே அழுத்தினேன்.
பீரோ சாவியைப் பற்றி
கேள்வியில் ஒன்றுமில்லை.

மதியம் பூபதி தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தான்.
பீட்ரூட் சாறு விரலில் ஒழுக,
"அந்தப் பாம்புக்கடிக்கு என்ன போட்ட?" என்று
ஆளாளைக் கேட்டுக்கொண்டே வந்தாள் ஷாஹிதா.
வாயில் வடை இருக்கிறதென்று கைகாட்டினேன்.

பிற்பகலில் கரண்ட் போனது.
திரைகள் மட்டும் எரிந்தன. ஏசி இரைச்சல் நின்றது.
அப்போதுதான் காதில் விழுந்தது
அறுபது பேர் மூச்சு விடுகிற சத்தம்.
சற்று நேரம்
அது பரீட்சைக் கூடமாக இல்லை, வார்டாக இருந்தது.
யாருக்கு முதலில் என்று என் கண் தேடியது.
பிறகு ஜெனரேட்டர் உறும
அவரவர் மவுஸுக்குத் திரும்பினோம்.

"எப்படி?" என்றான்.
"சுமார்" என்றேன்.
போன தடவையும் அதையேதான் சொன்னேன்.
மூக்குத்தி ஏறவில்லை.
ஒரு பகலில் துளை இப்படியா இறுகும்?

டெம்போ சீட்டுக்கு அடியில் கிடந்த போனில்
பதினோரு மிஸ்டு கால்.
"பரீட்ச நடக்குதேன்னு சைலன்ட்ல போட்டேன்" என்கிறான்
கேட்டுக்கு வெளியே நூறடி தள்ளி நின்றவன்.
பதினொன்றும் அம்மா.
ஜவ்வரிசி மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவள்
மூன்று மணியிலிருந்து பூட்டிய கதவுக்கு வெளியே.

மாக்னசைட் லாரி ஒன்று முன்னால் போக
வெள்ளைத் தூசிக்குள்ளேயே ஊர்ந்து வந்தோம்.
முதல் படியில் செருப்பு, இரண்டாம் படியில் அம்மா.
மதிப்பெண்ணைக் கேட்பாள் என்று
சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"மூக்குத்தி எங்கடி?" என்றாள்.